விட்டால் என்ன ஆகும்?

பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முதலாண்டு மாணவர்களின் புகார் வருடா வருடம் ஒன்றேதான். "எல்லாம் படிச்சிட்டுத்தான் போனேன் மேடம், கேள்வியைச் சுத்தி வளைச்சுக் கேட்டுட்டாங்க." கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தால் அதில் சுற்றும் இருக்காது, வளைவும் இருக்காது. 'கிராம் ஸ்டெயினிங் செய்முறையை விவரி' என்று கேட்பதற்குப் பதிலாக, 'கிராம் ஸ்டெயினிங்கில் அயோடினைச் சேர்க்க மறந்தால் முடிவு எப்படி இருக்கும்?' என்று கேட்டிருப்பார்கள். முதல் கேள்வி வந்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருக்கக்கூடிய பெண், இரண்டாவதுக்கு ஒரு வரிகூட எழுதாமல் வந்திருப்பாள்.

அவள் படிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். படித்த முறைதான் சிக்கல். தியரி நோட்டு ஒன்று, ரெக்கார்டு நோட்டு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் செல் சுவர் நடத்துகிறார்கள், வியாழக்கிழமை லேபில் ஸ்லைடுக்குச் சாயம் ஊற்றுகிறார்கள். இரண்டும் ஒரே விஷயம் என்பது பலருக்குக் கடைசி செமஸ்டரில்தான் புரிகிறது. அதை முதல் மாதத்திலேயே புரியவைக்க எனக்குத் தெரிந்த ஒரே கருவி ஒரு கேள்வி: இந்தப் படியை விட்டால் என்ன ஆகும்?

கிராம் ஸ்டெயினிங்கையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம் பெர்லினில் வேலை பார்த்தபோது 1884-ல் வெளியிட்ட முறை இது. நுரையீரல் திசுவுக்குள் கிடக்கும் பாக்டீரியாக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பாக்டீரியா உலகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. சில பாக்டீரியாக்கள் சாயத்தை இழந்துவிடுவதை அவர் கவனித்தார். அந்த இழப்புதான் இன்று நமக்கு முதல் பாடம்.

படிகள் நான்கு: கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். இப்போது ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். கிரிஸ்டல் வயலட்டை விட்டால் எல்லாமே இளஞ்சிவப்பு. ஆல்கஹாலை விட்டால் எல்லாமே ஊதா. சாஃப்ரனினை விட்டால் கிராம் பாசிட்டிவ் ஊதாவாக இருக்கும், கிராம் நெகட்டிவ் நிறமற்று நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்பீர்கள். அயோடினை விட்டால்? அயோடினும் கிரிஸ்டல் வயலட்டும் சேர்ந்துதான் செல்லுக்குள் பெரிய கூட்டுப்பொருள் உருவாகிறது. அது உருவாகாதபோது கிராம் பாசிட்டிவ் செல்லிலிருந்தும் சாயத்தை ஆல்கஹால் கழுவிவிடும். சாஃப்ரனின் ஏறி இரண்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். தேர்வில் வந்த கேள்விக்கு விடை அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தக் கூடாது. ஆல்கஹால் ஏன் ஒன்றைக் கழுவுகிறது, இன்னொன்றை விடுகிறது? இப்போது செவ்வாய்க்கிழமை நோட்டைத் திறக்க வேண்டும். கிராம் பாசிட்டிவ் செல் சுவரில் பெப்டிடோகிளைக்கன் அடுக்கு ஏறக்குறைய 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன். ஆல்கஹால் அதிலுள்ள நீரை உறிஞ்ச, துளைகள் சுருங்கி, சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கிராம் நெகட்டிவில் அந்த அடுக்கு சில நானோமீட்டர்தான். அதற்கு வெளியே கொழுப்பு நிறைந்த ஒரு புறச்சவ்வு இருக்கிறது. ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைக்கிறது, மெல்லிய அடுக்கால் சாயத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. பென்சிலின் தாக்குவதும் இதே பெப்டிடோகிளைக்கன் கட்டுமானத்தைத்தான். செல் சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் பென்சிலின் ஏன் தோற்கிறது என்பதற்குத் தனியாக மனப்பாடம் எதற்கு? காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற மைக்காலிக் அமிலம் நிறைந்திருப்பதால் கிராம் முறை அதனிடம் சரியாக வேலை செய்யாது. அதற்காகத்தான் சீல்-நீல்சன் முறை. ஒரு ஸ்லைடிலிருந்து மூன்று பாடத்துக்குப் போய்விட்டோம்.

செய்முறையில் தவறு நடக்கும் இடங்களும் இதே கேள்விக்குள் அடங்கும். கல்ச்சர் 18 முதல் 24 மணி நேர வயதுடையதாக இருக்க வேண்டும் என்று மேனுவலில் எழுதியிருக்கும். மூன்று நாள் பழைய கல்ச்சரை எடுத்தால், சுவர் நலிந்த கிராம் பாசிட்டிவ் செல்கள் சாயத்தை விட்டுவிட்டு நெகட்டிவ் வேடம் போடும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் நெகட்டிவ்கூட ஊதாவாக நின்றுவிடும். காலனியிலிருந்து ஊசிமுனையளவு போதும். நம் பிள்ளைகள் நெற்றிக்குத் திருநீறு பூசுவதுபோல் அப்பிவிடுகிறார்கள். சூடு காட்டும்போது ஸ்லைடின் அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, சுட்டால் செல்கள் சிதைந்திருக்கும். ஆல்கஹாலைச் சாய்த்த ஸ்லைடில் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியும் நீர் நிறமற்றதாக மாறிய கணமே தண்ணீரில் கழுவுங்கள். பெரும்பாலும் 10 முதல் 20 விநாடிக்குள் முடிந்துவிடும். பத்து ஸ்லைடில் கெட்டுப்போவதை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இந்தப் படியில்தான் கெட்டிருக்கும். இன்னொன்று, சொல்லாமல் எந்த மாணவரும் செய்வதில்லை: அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸையும் மறு ஓரத்தில் தெரிந்த ஈ.கோலையையும் வைத்து, நடுவில் உங்கள் தெரியாத மாதிரியை வையுங்கள். ஓரங்கள் இரண்டும் சரியாக வந்தால் நடுவை நம்பலாம்.

இப்படிப் படிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். லேபுக்கு முந்தைய இரவு அரை மணி நேரம் போதும். மறுநாள் செய்யப்போகும் சோதனையைப் படித்து, மேனுவலை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் அம்புக்குறி போட்டுப் படிகளை வரையுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் 'இது இல்லாவிட்டால்' என்று ஒரு வரி. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, அதோடு லேபுக்கு வாருங்கள். மூடிவிட்டு எழுதுவது முக்கியம். அமெரிக்காவின் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். நம் செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

மீடியா பாடத்துக்கு வருவோம். ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் முதலில் உருளைக்கிழங்குத் துண்டிலும் ஜெலட்டினிலும் பாக்டீரியா வளர்த்தார்கள். ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைச் செரித்துத் தண்ணீராக்கியும் விடும். அங்கே பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் பயன்படுத்திய அகாரைச் சொல்லிக்கொடுத்தார். கொதிநிலைக்கு அருகில் உருகி, 40 டிகிரிக்குக் கீழேதான் இறுகும், பெரும்பாலான பாக்டீரியாக்களால் செரிக்க முடியாத பொருள். பிளேட்டை ஏன் 45 முதல் 50 டிகிரியில் ஊற்றுகிறோம் என்பதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும், ஆறவிட்டால் குடுவையிலேயே கட்டியாகும். ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் எடுக்கப் பயன்படுவதுதான். அகார் டப்பாவைத் திறக்கும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது, தேர்வில் வராது.

மெக்கான்கி அகாரை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பாருங்கள். பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் இல்லாவிட்டால் கிராம் பாசிட்டிவ்கள் நுழைந்துவிடும். லாக்டோஸ் இல்லாவிட்டால் ஈ.கோலை அமிலம் உண்டாக்காது. நியூட்ரல் ரெட் இல்லாவிட்டால் அமிலம் உண்டானாலும் கண்ணுக்குத் தெரியாது. பெப்டோன் இல்லாவிட்டால் லாக்டோஸைத் தொடாத சால்மோனெல்லாவுக்குச் சாப்பாடே இருக்காது. 'செலக்டிவ்', 'டிஃபரன்ஷியல்' என்ற இரண்டு சொற்களும் இப்போது தானாக இடம் பிடித்துவிடும்.

பயோகெமிக்கல் சோதனைகளை அட்டவணையாகப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். இம்விக் வரிசையில் (இண்டோல், மெத்தில் ரெட், வி.பி., சிட்ரேட்) ஈ.கோலைக்குப் பிளஸ், பிளஸ், மைனஸ், மைனஸ். கிளெப்சியெல்லா நிமோனியேக்கு மைனஸ், மைனஸ், பிளஸ், பிளஸ். இதைச் சுலோகம்போல் ஒப்பிப்பார்கள், வைவாவில் 'மெத்தில் ரெட்டும் வி.பி.யும் ஏன் பெரும்பாலும் எதிரெதிராக வருகின்றன?' என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். குளுக்கோஸ் கிளைக்காலிசிஸ் வழியாகப் பைருவேட் ஆகும்வரை இரண்டும் ஒரே பாதை. அங்கிருந்து ஈ.கோலை பலவகை அமிலங்களைக் கொட்டுகிறது, பி.எச். சரிந்து மெத்தில் ரெட் சிவப்பாக நிற்கிறது. கிளெப்சியெல்லா அசிட்டாயின் வழியாகப் பியூட்டேன்டையால் பக்கம் திரும்புகிறது, அமிலம் குறைவு, வி.பி. சோதனை அந்த அசிட்டாயினைப் பிடிக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று கேள்வி போதும்: பாக்டீரியாவுக்கு என்ன கொடுத்தோம், அது என்னவாக மாற்றியது, எந்த ரசாயனம் அதை நமக்குக் காட்டிக்கொடுத்தது. சிம்மன்ஸ் சிட்ரேட்டில் கொடுத்த கார்பன் சிட்ரேட் மட்டும். அதைத் தின்ன முடிந்தவை மீடியாவைக் காரமாக்கும், புரோமோதைமால் புளூ பச்சையிலிருந்து நீலமாகும்.

கணக்கு வரும் இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். சீரியல் டைலூஷனில் சிக்கலே இல்லை, பயம்தான். 1 மில்லி கல்ச்சரை 9 மில்லி நீரில் கலந்தால் பத்தில் ஒரு பங்கு. அதையே ஐந்து முறை செய்தால் லட்சத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து 0.1 மில்லி எடுத்துப் பிளேட்டில் பரப்பினீர்கள், மறுநாள் 146 காலனி. முழு மில்லி பரப்பியிருந்தால் 1,460. நீர்த்தது லட்சம் மடங்கு, ஆகவே மூலக் கல்ச்சரின் ஒரு மில்லியில் 14 கோடியே 60 லட்சம். வாய்ப்பாட்டை மறந்தாலும் இப்படி நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு குழாய்க்கும் புது டிப் மாற்றச் சொல்வது ஏன்? மாற்றாவிட்டால் முந்தைய, அடர்த்தியான கரைசலின் துளி அடுத்ததில் போய் எண்ணிக்கையை ஏற்றிவிடும். 30-க்குக் குறைந்த காலனிகளில் தற்செயல் அதிகம், 300-க்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எண்ண முடியாது. அதனால்தான் 30 முதல் 300 என்ற வரம்பு.

வளர்ச்சி வரைபடமும் கணக்குதான். நல்ல சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் என்றால், ஒரே செல் பத்து மணி நேரத்தில் முப்பது முறை பிரிந்து 107 கோடியைத் தாண்டும். ஏன் உலகத்தையே மூடிவிடவில்லை? லேக், லாக், ஸ்டேஷனரி, டெத் என்ற நான்கு கட்டங்களும் அந்தக் கேள்விக்கான பதில். வீட்டில் அரைத்து வைக்கும் இட்லி மாவில் லியூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் விடும் வாயுதான் மாவைப் பொங்கவைக்கிறது. மார்கழியில் மாவு ஏன் தாமதமாகப் பொங்குகிறது என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தால் இந்தப் பாடம் முடிந்தது.

மைக்ராஸ்கோப்பைப் பற்றி ஒரு கோபம். 100 எக்ஸ் ஆப்ஜெக்டிவுக்கு மட்டும்தான் எண்ணெய். எண்ணெய் விட்ட பிறகு ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று மறுபடி 40 எக்ஸுக்குத் திருப்பினால் அந்த லென்சுக்கும் எண்ணெய் பூசியாகிவிட்டது. அடுத்த பேட்ச் மங்கலாகத்தான் பார்க்கும். எண்ணெய்க்குப் போகும் முன் 10 எக்ஸிலும் 40 எக்ஸிலும் தெளிவாக ஃபோகஸ் செய்துவிடுங்கள். கண்டென்சரை மேலே ஏற்றி, டயஃப்ரம் திறந்து வையுங்கள். முடிந்ததும் லென்ஸ் பேப்பரால் துடையுங்கள், துப்பட்டாவால் அல்ல. எண்ணெய் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கண்ணாடியை விட்டுக் காற்றுக்குள் நுழையும் ஒளி விலகிச் சிதறும், நுணுக்கம் போய்விடும்.

ஸ்ட்ரீக்கிங்கில் மாணவர்கள் தவறவிடுவது, ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே லூப்பைச் சுடுவது. சுடாமல் இழுத்தால் கடைசிப் பகுதியிலும் கூட்டமாகத்தான் வளரும், தனிக் காலனி கிடைக்காது. சுட்ட லூப்பை ஆறவிடாமல் காலனியைத் தொட்டால் எடுத்ததெல்லாம் பிணம். பெயரை மூடியில் எழுதாமல் தட்டின் அடியில் எழுதுங்கள், மூடி மாறிப்போகும். இன்குபேட்டரில் தலைகீழாக வையுங்கள். இல்லாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டிக் காலனிகளைக் கலக்கிவிடும்.

ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடினால் என்ன ஆகும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அழுத்தமானி 15 காட்டும், வெப்பம் 121-க்கு ஏறியிருக்காது, எண்டோஸ்போர்கள் பிழைத்துக்கொள்ளும்.

ரெக்கார்டு நோட்டு பற்றிச் சீனியர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். போன வருட நோட்டைப் பார்த்து முடிவை எழுதுவது நம் கல்லூரிகளில் சகஜம். அதை ஊக்குவிக்கும் ஆசிரியர்களும் உண்டு, மறைப்பானேன். உங்கள் ஸ்லைடில் ஈ.கோலை ஊதாவாகத் தெரிந்தால் 'ஊதா' என்றே எழுதி, கீழே காரணத்தை ஊகியுங்கள். எதிர்பார்த்த முடிவை எழுதிவிட்டு நகர்வது பழகிவிட்டால் எதிர்பாராதது வரும்போது கண்ணில் படாது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற நுண்ணுயிரியல் மாணவி, சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், தன் ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரிகள் சேகரித்தார். எச்.ஐ.வி. இந்தியாவில் இல்லை என்று பலரும் நம்பிய காலம். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது சில மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆங்கிலம் வராததால் நுண்ணுயிரியல் வராது என்று நினைத்துக்கொண்டு கைடிலிருந்து பத்தி பத்தியாக ஒப்பிக்காதீர்கள். பக்கத்து இருக்கைத் தோழியிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அயோடின் சேர்க்கலைன்னா சாயம் கழுவிப் போயிடும், ஏன்னா..." அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு திக்காமல் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள், ஒன்றுக்கு ஒரு கருத்து. பாக்டீரியாப் பெயர்களை எழுதும்போது முதல் சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக, இரண்டாம் சொல் முழுதும் சின்ன எழுத்தாக, இரண்டுக்கும் அடிக்கோடு. இதற்காக மதிப்பெண் இழப்பது அநியாயம்.

பாதுகாப்பு விதிகளில் பலவற்றை ஆசிரியர் முதல் நாளே சொல்லியிருப்பார்: கோட், கட்டிய முடி, மூடிய காலணி, வாயால் பிப்பெட் உறிஞ்சாமை. நான் சேர்ப்பது இரண்டு. பன்சன் எரியும்போது ஆல்கஹால் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. செல்போன் பைக்குள் இருக்கட்டும். கல்ச்சர் தொட்ட கையால் படம் எடுத்து, அதே போனைச் சாப்பாட்டு மேசையில் வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மேசையைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால் ஏன், சுத்த ஆல்கஹால் ஏன் கூடாது என்பதை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். ஒரு துப்பு: நீர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

செய்முறைத் தேர்வில் நேரம் பிடிக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள். ஸ்மியரைப் போட்டுக் காயவைத்துவிட்டு, அது காயும்வரை செய்முறைக் குறிப்பை எழுதலாம். ஸ்பாட்டரில் பெயரை மட்டும் எழுதி எழுந்துவிடாதீர்கள். பெயர், கண்ணில் தெரியும் அடையாளம், பயன், எந்த அடிப்படையில் வேலை செய்கிறது என்று நான்கு வரி வேண்டும். வைவாவில் தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னால் எக்ஸ்டர்னல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அளந்துவிட ஆரம்பித்தால் அதே கேள்வியிலேயே உட்கார்ந்துகொள்வார்.

புத்தகம் எது என்று கேட்பவர்களுக்கு: பெல்சார், பிரெஸ்காட், டோர்டோரா மூன்றில் ஒன்று போதும், மூன்றையும் நூலகத்திலிருந்து அள்ளிவர வேண்டாம். படங்களுக்காக டோர்டோரா எனக்குப் பிடிக்கும், முதலாண்டுக்கு வாசிக்கவும் எளிது. லேபுக்கு கப்புச்சினோ மேனுவல். அனந்தநாராயணன், பணிக்கர் எழுதிய பெரிய புத்தகம் மெடிக்கல் பாக்டீரியாலஜி வரும் செமஸ்டருக்கு. இப்போதே வாங்கி அலமாரியில் வைத்தால் தூசிதான் சேரும்.